பழைய எண், புதிய எண்: இணைய முகவரி மாற்றம் ஏன் இவ்வளவு இழுக்கிறது?

வைஃபையை அணைத்துவிட்டு மொபைல் டேட்டாவில் இருக்கும்போது, உங்கள் ஆண்ட்ராய்டு போனின் செட்டிங்ஸில் ‘அபவுட் போன்’ பகுதிக்குப் போங்கள். ஐபி முகவரி (இணையத்தில் உங்கள் கருவியை அடையாளம் காட்டும் எண்) என்று ஒரு வரி இருக்கும். சில போன்களில் அது ‘ஸ்டேட்டஸ்’ என்பதற்குள் ஒளிந்திருக்கும். ஜியோ சிம் என்றால் 2409 என்றும், ஏர்டெல் என்றால் பெரும்பாலும் 2401:4900 என்றும் தொடங்கி, இடையிடையே முக்காற்புள்ளி வைத்து நீண்டுகொண்டே போகும் ஒரு முகவரி தெரியும். அது புதிய முறையான ஐபிவி6. இப்போது அதே போனை வீட்டு வைஃபையில் இணைத்துவிட்டு மறுபடி பாருங்கள். 192.168 என்று தொடங்கும் குட்டி முகவரி மட்டும் வந்தால் உங்கள் வீடு இன்னும் பழைய முறையில், அதாவது ஐபிவி4-இல் இருக்கிறது. அதோடு 2 என்ற எண்ணில் தொடங்கும் நீண்ட முகவரியும் வந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

போன் புதிய முறைக்குப் போய்விட்டது, வீடும் கடையும் பின்தங்கி நிற்கின்றன. ஏன் இப்படி என்பதுதான் இந்தக் கட்டுரை. புதுச்சேரி நேரு வீதியில் கடை வைத்திருப்பவருக்கும், கடலூர் லாரன்ஸ் ரோட்டில் கணினி பழுது பார்ப்பவருக்கும், கல்லூரியில் முதலாண்டு நெட்வொர்க்கிங் படிப்பவருக்கும் புரிய வேண்டும் என்பதால் அடியிலிருந்தே தொடங்குவோம்.

எண்கள் தீர்ந்த கதை

ஐபிவி4 விதிமுறை 1981 செப்டம்பரில் வெளியானது. ஒவ்வொரு முகவரிக்கும் 32 பிட் (பிட் என்பது 0 அல்லது 1) இடம். அப்படியென்றால் மொத்தம் 4,29,49,67,296 முகவரிகள். அதாவது சுமார் 429 கோடி. இதில் உள்வலைகளுக்கும், சோதனைக்கும், வேறு சிறப்புத் தேவைகளுக்கும் ஒதுக்கியவற்றைக் கழித்தால் பொது இணையத்துக்குக் கிடைப்பது ஏறக்குறைய 370 கோடிதான். இந்தியாவில் மட்டுமே 140 கோடிப் பேர் இருக்கிறோம். ஆளுக்கு ஒரு போன், வீட்டுக்கு ஒரு டிவி, கடைக்கு நாலு கேமரா என்று கணக்குப் போட்டால் எங்கே போய் நிற்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இது 1990களின் தொடக்கத்திலேயே தெரிந்துவிட்டது. 1995 டிசம்பரில் ஐபிவி6-இன் முதல் வரையறையும், 1998 டிசம்பரில் திருத்திய வரையறையும் வந்தன. முழுத் தர நிர்ணயமாக ஏற்கப்பட்டது 2017 ஜூலையில். (நடுவில் 5 எங்கே என்று கேட்பவர்களுக்கு: ஒலி, காட்சியை அனுப்புவதற்கான ஒரு சோதனை நெறிமுறை அந்த எண்ணை முன்னமே எடுத்துக்கொண்டிருந்தது.) புதிய முகவரியின் நீளம் 128 பிட். மொத்த எண்ணிக்கை 39 இலக்கம் கொண்டது. அதைக் கோடியில் சொல்லிப் பயனில்லை. தீராது என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

2011 பிப்ரவரி 3 அன்று உலகப் பொதுக் கிடங்கில் இருந்த கடைசி ஐந்து ஐபிவி4 தொகுதிகளும் பிரித்துக் கொடுக்கப்பட்டன. நம் ஆசிய-பசிபிக் பகுதிக்கான பதிவகமான ஏபிநிக், அதே ஆண்டு ஏப்ரலிலேயே கடைசித் தொகுதிக்கு வந்துவிட்டது. அதன்பின் ஒரு நிறுவனத்துக்கு 1,024 முகவரிக்கு மேல் கிடையாது என்றார்கள். 2019-இல் அதையும் 512 ஆக்கினார்கள். கடலூர் முதுநகரில் ஒரு கேபிள் ஆபரேட்டர் புதிதாக உரிமம் வாங்கி 5,000 வீடுகளுக்கு ஃபைபர் இழுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கையில் 512 முகவரி. பத்து வீட்டுக்கு ஒன்று. அதே ஆபரேட்டர் ஐபிவி6 கேட்டால் ‘/32’ அளவுத் தொகுதி (முதல் 32 பிட் நிலையானது, மீதி அவர் விருப்பம்) ஒன்று கிடைக்கும். வீட்டுக்கு ‘/56’ என்று பிரித்தால் அதிலிருந்து 1 கோடியே 67 லட்சம் வீடுகளுக்குக் கொடுக்கலாம். ஒவ்வொரு வீட்டுக்குள்ளும் 256 தனித்தனி வலைகள் போட்டுக்கொள்ளலாம்.

இவ்வளவு நல்லது கண்முன் இருந்தும் ஏன் எல்லோரும் ஒரேயடியாக மாறவில்லை?

ஒன்றுக்கொன்று புரியாது

ஊரில் நகராட்சி கதவு எண்ணை மாற்றும்போது ‘பழைய எண் 14, புதிய எண் 31’ என்று சுவரில் இரண்டையும் எழுதி வைக்கிறோம். எந்த எண்ணைப் போட்டு எழுதினாலும் தபால்காரர் அதே வாசலில்தான் வந்து நிற்பார். ஐபிவி4-இலிருந்து ஐபிவி6-க்கு மாறுவதும் அப்படித்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. இங்கே பழைய எண் மட்டும் தெரிந்த தபால்காரருக்குப் புதிய எண் கண்ணுக்கே தெரியாது.

காரணம் எளிது. இணையத்தில் தரவு சின்னச் சின்னப் பொட்டலங்களாகப் போகிறது; ஒவ்வொரு பொட்டலத்தின் தலைப்பிலும் முதல் 4 பிட்கள் ‘நான் எந்தப் பதிப்பு’ என்று சொல்கின்றன. அடுத்து, அனுப்புநர், பெறுநர் முகவரிகள். பழைய தலைப்பில் இவை ஒவ்வொன்றுக்கும் 32 பிட் கட்டம்தான் உண்டு. அதில் 128 பிட்டை எழுத வழியே இல்லை. தலைப்பின் அளவும் வேறு: பழையது குறைந்தது 20 பைட், புதியது எப்போதும் 40 பைட். ஐபிவி4 மட்டும் தெரிந்த கருவிக்கு ஐபிவி6 பொட்டலம் வந்தால் அது தூக்கிப் போட்டுவிடும். ஆகவே இதை மென்பொருள் அப்டேட் என்று சொல்வது பொருந்தாது. உலகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வலைக்குப் பக்கத்திலேயே இன்னொரு முழு வலையை எழுப்பி, இரண்டையும் பல ஆண்டுகள் சேர்த்தே ஓட்ட வேண்டிய வேலை இது.

முன்பு ஒருமுறை ஒரே நாளில் மாற்றியிருக்கிறார்கள். 1983 ஜனவரி 1 அன்று, அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் வலை தன் பழைய நெறிமுறையை விட்டுவிட்டு இன்றைய ஐபி-க்கு மாறியது. அன்று இணைந்திருந்தவை சில நூறு கணினிகள். இன்று அப்படி ஒரு தேதி குறிக்க முடியாது.

பணக் கணக்கும் இதில் சேர்கிறது. முதலில் மாறுபவருக்குச் செலவு உண்டு, உடனடி லாபம் இல்லை: அவருடைய வாடிக்கையாளர்கள் பழைய முறையிலும் வரத்தான் போகிறார்கள், அதையும் பராமரிக்க வேண்டும். எல்லோரும் மாறிய பிறகுதான் பழையதை மூடிச் செலவைக் குறைக்கலாம். அதனால் அடுத்தவர் முதலில் போகட்டும் என்று ஒவ்வொருவரும் காத்திருந்தார்கள். இதற்கிடையில் பழைய முகவரிகளே சரக்காகிவிட்டன. திவாலான நார்ட்டெல் நிறுவனத்திடமிருந்து 2011-இல் மைக்ரோசாஃப்ட் 6,66,624 முகவரிகளை 75 லட்சம் டாலருக்கு வாங்கியது. அமேசானின் மேகச் சேவையில் 2024 பிப்ரவரி முதல் ஒவ்வொரு பொது ஐபிவி4 முகவரிக்கும் மணிக்கு 0.005 டாலர், அதாவது மாதம் ஏறக்குறைய 3.65 டாலர் வாடகை. ஒரு சின்ன இணையதளத்துக்கு இது கண்ணை உறுத்தும் செலவுதான்.

ஒட்டுப் போட்டு ஓட்டிய காலம்

பழையதை இத்தனை நாள் உயிரோடு வைத்திருப்பது நாட் என்ற முகவரி மாற்று உத்தி. 1994-இல் வெளியானது. வீட்டுக்குள் எல்லாக் கருவிகளும் 192.168 என்று தொடங்கும் உள்முகவரியில் இருக்கும். ரௌட்டர் அவை எல்லாவற்றையும் ஒரே வெளிமுகவரியில் அனுப்பி, எந்தப் பதில் யாருக்கு என்பதைப் போர்ட் எண் (ஒவ்வொரு இணைப்புக்கும் தரும் துணை எண்) வைத்துப் பிரித்துக் கொடுக்கும். ஒரு வீட்டுக்கு ஒரு முகவரி போதும்.

அதுவும் போதாமல் போனபோது சேவை நிறுவனங்களே தங்கள் பக்கம் இன்னொரு நாட் வைத்தன. இதற்காகவே 2012 ஏப்ரலில் 100.64 முதல் 100.127 வரையிலான தொகுதியை ஒதுக்கினார்கள். உங்கள் ரௌட்டரின் ‘வேன்’ (WAN, வெளி இணைப்பு) பக்கத்தில் இந்த வரம்புக்குள் ஒரு முகவரி தெரிந்தால், உங்களுக்கென்று பொது முகவரி கிடையாது, பக்கத்து வீடுகளோடு பங்கு போடுகிறீர்கள் என்று பொருள். ஒரு முகவரியில் பயன்படுத்தத் தக்க போர்ட்கள் சுமார் 64,500. அதை 32 வீடுகளுக்குப் பிரித்தால் வீட்டுக்கு ஏறத்தாழ 2,000. ஒரு செய்தித்தளத்தைத் திறந்தாலே விளம்பரம், படம் என்று டஜன் கணக்கில் இணைப்புகள் திறக்கும். நாலு போன், ஒரு டிவி இருக்கும் வீட்டில் மாலை நேரத்தில் இந்த எல்லையைத் தொடுவது அபூர்வமல்ல. அப்போது சில பக்கங்கள் மட்டும் பாதியில் நிற்கும். பங்காளியில் ஒருவர் ஸ்பாம் அனுப்பினால் மற்றவர்களுக்கும் ‘நீங்கள் மனிதர்தானா’ என்ற சோதனைப் படம் வந்துகொண்டே இருக்கும். பல ‘நெட் ஸ்லோ’ புகார்களுக்குப் பின்னால் இருப்பது வேகக் குறைவு அல்ல, இதுதான்.

உங்கள் போன் எப்படி மாறியது

மாற்றத்துக்கு மூன்று வழிகள் உண்டு. முதலாவது இரட்டை அடுக்கு: ஒவ்வொரு கருவியிலும் இரண்டு முகவரியும் இருக்கும், எது கிடைக்கிறதோ அதில் பேசும். பாதுகாப்பான வழி, ஆனால் ஐபிவி4 தேவை ஒன்றும் குறையாது. இரண்டாவது சுரங்கம்: ஐபிவி6 பொட்டலத்தை ஐபிவி4 பொட்டலத்துக்குள் வைத்து அனுப்புவது. ஒரு காலத்தில் பிரபலமாக இருந்த 6டு4 முறை நம்பகமில்லாததால் 2015-இல் கைவிடச் சொல்லிவிட்டார்கள். இதை இப்போது புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை.

மூன்றாவதுதான் சுவையானது: மொழிபெயர்ப்பு. மொபைல் நிறுவனங்கள் பல போனுக்கு ஐபிவி6 முகவரியை மட்டுமே தருகின்றன. போன் ஒரு தளத்தின் பெயரைச் சொல்லி முகவரி கேட்கிறது. அந்தத் தளத்துக்கு ஐபிவி6 இருந்தால் நேராகப் போய்விடும். பழைய முகவரி மட்டும் இருந்தால், நிறுவனத்தின் பெயர்ச்சேவையகம் ஒரு போலி ஐபிவி6 முகவரியைச் செய்து தரும்: 96 பிட் நிலையான முன்னொட்டு (முகவரியின் முன்பகுதி), அதன் வாலில் அந்தத் தளத்தின் 32 பிட் பழைய முகவரி. 96-உம் 32-உம் 128. அந்த முன்னொட்டோடு வரும் பொட்டலங்கள் எல்லாம் நாட்64 என்ற பெட்டிக்குப் போகும். அது வாலை மட்டும் வெட்டி எடுத்து, ஐபிவி4 பொட்டலமாக மாற்றி வெளியே அனுப்பும்.

பெயரைக் கேட்காமல் நேரடியாகப் பழைய எண்ணையே நிரலில் எழுதி வைத்திருக்கும் ஆப்கள் இதில் சிக்கிக்கொள்ளும். அதற்காக 2013-இல் வந்தது 464எக்ஸ்லாட். போனே தனக்குள் ஒரு பொய்யான ஐபிவி4 முகவரியை வைத்துக்கொண்டு, ஆப்பை ஏமாற்றி, பொட்டலத்தை ஐபிவி6 ஆக்கி அனுப்பும். உங்கள் போனின் முகவரிப் பட்டியலில் 192.0.0 என்று தொடங்கும் ஒன்று இருந்தால் அது இதன் வேலை. ஆப்பிள் இன்னும் கறாராக நடந்துகொண்டது: 2016 ஜூன் 1 முதல், ஐபிவி6 மட்டும் உள்ள வலையில் ஓடாத ஆப்பை ஏற்க மாட்டோம் என்றது.

2016 செப்டம்பரில் ஜியோ சேவை தொடங்கியபோது கோடிக்கணக்கான போன்களுக்குக் கொடுக்க ஐபிவி4 முகவரிகளே இல்லை. ஐபிவி6-ஐத் தவிர வழியில்லை. புதிதாக எழுப்பும் வலைக்குப் பழைய சுமை கிடையாது என்பதும் உதவியது. அதனால்தான் இந்தியா இந்த விஷயத்தில் பல பணக்கார நாடுகளை முந்திவிட்டது. புதுச்சேரியும் தமிழ்நாடு தொலைத்தொடர்பு வட்டத்தில்தான் வருகிறது என்பதால், கடலூர்-புதுச்சேரி எல்லையிலுள்ள முள்ளோடையைப் பேருந்து தாண்டும்போது மாநிலம் மாறினாலும் போனின் முகவரி பொதுவாக மாறுவதில்லை.

வீட்டிலும் கடையிலும் இயக்குவது

முதலில் சேவை நிறுவனத்திடம் ஒரே கேள்வி: ‘எங்கள் இணைப்புக்கு ஐபிவி6 முன்னொட்டு தருகிறீர்களா, எத்தனை பிட்?’ அழைப்பு மையத்தில் புரியாவிட்டால் உள்ளூர் ஃபைபர் பிரிவில் கேளுங்கள். ‘ஆம்’ என்றால் மீதி வேலை ரௌட்டரில்.

ரௌட்டர் பக்கத்தில் வேன் அமைப்பைத் திறந்து, ஐபி பதிப்பு என்ற இடத்தில் ‘ஐபிவி4/ஐபிவி6’ இரண்டும் சேர்ந்ததைத் தேர்ந்தெடுங்கள். ‘பிரிஃபிக்ஸ் டெலிகேஷன்’ என்பதை இயக்குங்கள். இது இல்லாவிட்டால் ரௌட்டருக்கு மட்டும் முகவரி வரும், வீட்டுக்குள் ஒன்றும் வராது. பிறகு லேன் (LAN, உள்வலை) பகுதியில் ‘ரௌட்டர் அட்வர்டைஸ்மென்ட்’ (வீட்டுக் கருவிகளுக்கு முன்னொட்டை அறிவிப்பது) இயங்குகிறதா என்று பாருங்கள். கடைசியாக, மறக்காமல், ஐபிவி6 ஃபயர்வால் இயங்கும் நிலையில் இருக்க வேண்டும். நாட் இருந்தவரை வெளியிலிருந்து யாரும் உள்ளே நேராக வர முடியாது என்பது தற்செயலாகக் கிடைத்த பாதுகாப்பு. ஐபிவி6-இல் ஒவ்வொரு கருவிக்கும் சொந்தப் பொது முகவரி. ஃபயர்வாலை அணைத்தால் பிரிண்டர் உட்பட எல்லாம் தெருவில் நிற்கும்.

விண்டோஸில் சரிபார்க்க, கட்டளைத் திரையில் ஐபிகான்ஃபிக் (ipconfig) என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். எஃப்இ80 (fe80) என்று தொடங்கும் முகவரி மட்டும் இருந்தால் ஏமாந்துவிடாதீர்கள். அது ஐபிவி6 இணைப்பே இல்லாத கணினியும் தானாகப் போட்டுக்கொள்ளும் உள்முகவரி. 2 என்ற எண்ணில் தொடங்கும் முகவரி வேண்டும்.

பழைய பிரிண்டர், கைரேகை வருகைப்பதிவு இயந்திரம், பில் போடும் கணினி ஆகியவற்றுக்கு ஐபிவி6 தெரியாமல் இருக்கலாம். அதற்காகக் கவலைப்பட வேண்டாம், மாற்றவும் வேண்டாம். 192.168 உள்வலை பக்கத்திலேயே ஓடட்டும்.

எங்கே மாட்டிக்கொள்ளும்

புயல் மாதங்களில் கடலூர்க்காரர்களுக்கு அடிக்கடி வரும் கோளாறு இது. கரண்ட் போய் வருகிறது. ரௌட்டர் மறுபடி எழும்போது நிறுவனம் வேறு முன்னொட்டைக் கொடுத்துவிடுகிறது. ஆனால் யுபிஎஸ்ஸில் ஓடிய கணினிக்கும், பேட்டரியில் இருந்த லேப்டாப்புக்கும் அது தெரியாது. அவை பழைய முன்னொட்டில் செய்த முகவரியையே பிடித்துக்கொண்டிருக்கும். நெறிமுறையின் இயல்புக் கணக்கில் அதை 7 நாள் விருப்பமாகவும், 30 நாள் வரை செல்லுபடியாகவும் வைத்துக்கொள்ளலாம். அனுப்பும் பொட்டலத்துக்குப் பதில் வராது. வைஃபை முழுப் புள்ளி காட்டும், பக்கம் மட்டும் திறக்க மறுக்கும். வைஃபையை அணைத்துப் போட்டால் சரியாகும். நிரந்தரத் தீர்வு, ரௌட்டரில் அறிவிப்பின் ஆயுட்காலத்தைச் சில மணி நேரமாகக் குறைப்பது. அல்லது ரௌட்டரையும் ஃபைபர் பெட்டியையும் சேர்த்து ஒரு சின்ன யுபிஎஸ்ஸில் போடுவது.

இன்னொன்று கண்டுபிடிக்கவே சிரமமானது. வாட்ஸ்அப்பில் எழுத்து போகிறது, படம் போகவில்லை. தேடல் வேலை செய்கிறது, வங்கித் தளம் வெள்ளையாக நிற்கிறது. பிபிபிஓஇ (PPPoE, பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து நுழைவது) முறையில் இணையும் ஃபைபர் இணைப்பில் ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு வழக்கமான 1,500 பைட் அல்ல, 1,492. ஐபிவி6-இல் நடுவழி ரௌட்டர்கள் பெரிய பொட்டலத்தைத் துண்டு போடாது. ‘பெரிதாக இருக்கிறது, சிறிதாக்கி அனுப்பு’ என்று ஐசிஎம்பிவி6 செய்தியைத் திருப்பி அனுப்பும். பாதுகாப்பு என்று நினைத்து யாராவது அந்தச் செய்தியைத் தடுத்துவிட்டால், அனுப்பியவர் அதே பெரிய பொட்டலத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பிக்கொண்டிருப்பார். சின்னது போகும், பெரியது தொலையும். ஐசிஎம்பிவி6-ஐத் திறந்துவிடுங்கள்; ரௌட்டரில் ஐபிவி6-க்கான எம்எஸ்எஸ் (MSS, ஒரு பொட்டலத்தில் ஏற்றும் தரவின் உச்ச வரம்பு) அளவை 1,432 ஆக வையுங்கள். 1,492-இலிருந்து ஐபி தலைப்பு 40, டிசிபி தலைப்பு 20 கழித்தால் வருவது அது.

மாடிக்குச் சிக்னல் போக வேண்டும் என்று இரண்டாவது ரௌட்டரைத் தொடராக மாட்டும் வீடுகளில், நிறுவனம் ‘/64’ மட்டும் கொடுத்திருந்தால் இரண்டாவதுக்குப் பிரித்துக் கொடுக்க எதுவும் மிஞ்சாது. அதை ‘ஆக்சஸ் பாயிண்ட்’ (சிக்னலை மட்டும் பரப்பும்) நிலைக்கு மாற்றிவிட்டால் போதும்.

பாதி உடைந்த ஐபிவி6 இப்போதெல்லாம் வெளியே தெரிவதில்லை. உலாவிகள் ஐபிவி6-ஐ முதலில் முயன்று, கால் விநாடி அளவில் பதில் வராவிட்டால் ஐபிவி4-ஐயும் முயல்கின்றன. பயனருக்கு நிம்மதி, பழுது பார்ப்பவருக்குத் தலைவலி. ஆகவே உலாவியை நம்பாமல், எதிர்முனை பதில் சொல்கிறதா என்று பார்க்கும் பிங் (ping) கட்டளையில் ‘-6’ சேர்த்துத் தனியே சோதியுங்கள். எந்தப் பிரச்சினைக்கும் ‘ஐபிவி6-ஐ அணைச்சிடுங்க சார்’ என்று சொல்லும் பழக்கம் பல டெக்னீஷியன்களிடம் இருக்கிறது. அன்றைக்கு வேலை முடியும்; கோளாறு அப்படியே இருக்கும்.

கடைக் கேமராவை வீட்டிலிருந்து பார்க்க

நேரு வீதிக் கடையின் டிவிஆரை (கேமராக் காட்சியைப் பதிவு செய்யும் பெட்டி) கடலூர் மஞ்சக்குப்பத்து வீட்டிலிருந்து பார்க்க வேண்டும். பழைய முறையில் ரௌட்டரில் போர்ட் திறந்துவிடுவார்கள். வேன் முகவரி 100.64 வரம்பில் இருந்தால் அது எத்தனை முறை செய்தாலும் வேலைக்கு ஆகாது: நீங்கள் திறக்கும் கதவுக்கு வெளியே நிறுவனத்தின் இன்னொரு நாட் மூடியிருக்கிறது. நிலையான ஐபிவி4 முகவரியைக் காசு கொடுத்து வாங்கலாம். க்யூஆர் ஸ்கேன் செய்து தயாரிப்பாளரின் சேவையகம் வழியாகப் பார்க்கலாம். பெரும்பாலோர் செய்வது இதுதான், காட்சி அடுத்தவர் சேவையகம் வழியாகப் போவதில் சம்மதம் இருந்தால்.

கடையில் ஐபிவி6 இருந்தால் மூன்றாவது வழி திறக்கிறது. டிவிஆரை நேராக இணையத்தில் காட்டாதீர்கள். 2016 அக்டோபரில், தளங்களின் பெயருக்கு முகவரி சொல்லும் டைன் நிறுவனத்தைத் தாக்கி உலகின் பெரிய தளங்களை முடக்கியது மிராய் என்ற தீநிரல், அதன் படை இப்படிக் காட்டப்பட்ட கேமராக்களும் டிவிஆர்களும்தான். ரௌட்டரிலேயே வயர்கார்ட் விபிஎன் (வெளியிலிருந்து கடை வலைக்குள் வரும் பூட்டிய தனிவழி) வைத்து, ஐபிவி6 ஃபயர்வாலில் யுடிபி 51820 என்ற ஒரு போர்ட்டை மட்டும் திறங்கள். முன்னொட்டு மாறக்கூடும் என்பதால் டைனமிக் டிஎன்எஸ் பெயர் (முகவரி மாறினாலும் மாறாத பெயர்) ஒன்று வேண்டும், அது ஐபிவி6 முகவரியைப் பதிவு செய்யத் தெரிந்ததாக இருக்க வேண்டும். போன் மொபைல் டேட்டாவில் ஐபிவி6-இல்தான் இருக்கிறது. நடுவில் யாரும் இல்லாமல் நேராகப் போய்ச் சேரும்.

தளம் வைத்திருப்பவர்களுக்கு

இணையதளத்துக்கு ஐபிவி6 சேர்ப்பது என்றால் பெயருக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ்ஸில், ஐபிவி6 முகவரிக்கான குவாட்-ஏ (AAAA) பதிவு ஒன்று போடுவது. சேவையகம் அந்த முகவரியில் பதில் சொல்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள்; வரிசை மாறினால் வருபவர்கள் மூடிய கதவைத் தட்டுவார்கள். அதே சேவையகம் மின்னஞ்சலும் அனுப்பினால் ஐபிவி6 முகவரிக்கும் தலைகீழ்ப் பெயர்ப்பதிவு (முகவரியிலிருந்து பெயரைச் சொல்வது) வேண்டும். இல்லாவிட்டால் ஜிமெயில் திருப்பி அனுப்பிவிடும்.

உங்கள் மென்பொருளின் தரவுத்தளத்தில் வாடிக்கையாளரின் ஐபி முகவரியைச் சேமிக்கும் கட்டத்தையும் ஒருமுறை பாருங்கள். பத்துப் பதினைந்து வருடம் முன்பு எழுதியதாக இருந்தால் 15 எழுத்து என்று வைத்திருப்பார்கள். ஐபிவி6 முகவரி 39 எழுத்து வரை போகும், கலப்பு வடிவத்தில் 45. கட்டம் பற்றாமல் முகவரி பாதியில் வெட்டுப்பட்டால் எந்தப் பிழைச் செய்தியும் வராமலே பதிவேடு கெட்டுப்போகும்; பதிவே நடக்காமல் லாகின் தடைபடுவதும் உண்டு. ‘இந்த முகவரியிலிருந்து மட்டும் அனுமதி’ என்று ஐபிவி4 பட்டியல் வைத்திருக்கும் அலுவலகங்கள், குவாட்-ஏ பதிவு போடும் அதே நாளில் அந்தப் பட்டியலிலும் புதிய முன்னொட்டைச் சேர்த்துவிட வேண்டும்.